ஆஃப்-சைட் ஸ்டோரேஜ்: ‘வெளிக்கிடங்கு’ அல்ல, புறக்காப்பு

ஆவணக் காப்பகத்திலும் சுவடி நூலகத்திலும் அலமாரி நிரம்பியதும் காதில் விழும் சொல் ‘ஆஃப்-சைட் ஸ்டோரேஜ்’. பதிவேடுகளையும் சுவடிக் கட்டுகளையும் படிப்பறை உள்ள கட்டடத்தில் வைக்காமல் தொலைவில் ஓரிடத்தில் வைத்து, வாசகர் கேட்கும்போது வரவழைப்பதே அது.

‘சைட்’ என்பதன் வேர் லத்தீன் ‘சிட்டுஸ்’. இருப்பிடம் என்று பொருள். கணினிக்காரர்கள் ‘ஆஃப்-சைட் ஸ்டோரேஜ்’ என்று சொன்னால் படியை, அதாவது நகலை, வேறிடத்தில் வைப்பதைக் குறிப்பார்கள். ஆவணத்துறையிலோ பெரும்பாலும் மூலமே இடம் மாறுகிறது. இந்த வேறுபாட்டை மறப்பது ஆபத்து. 2009 மார்ச் 3 அன்று ஜெர்மனியில் கொலோன் நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தபோது, அங்கிருந்தவற்றில் ஒரு பகுதியின் நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபிலிம்) தொலைவிலுள்ள ஓபர்ரீட் மலைச் சுரங்கத்தில் எஃகு உருளைகளுக்குள் பத்திரமாக இருந்தன. அது படிக்காப்பு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் சேர்ந்தே எரிந்தன. ஒரே ஒரு மூலத்தைத் தொலைவுக்கு அனுப்பிவிட்டால் மட்டும் அது இரண்டாகிவிடாது.

தமிழில் ‘வெளிக்கிடங்கு’ என்று எழுதுகிறார்கள். கிடங்கு நல்ல பழஞ்சொல். சங்கப் பாடல்களில் அகழி, பிறகு பண்டம் வைக்கும் இடம். ஆங்கிலத்தின் ‘கோடவுன்’ கூட இந்தத் தென்னிந்தியச் சொல்லோடு உறவுடையது என்பார்கள். ஆனால் கிடங்கில் போட்டது கிடக்கும். இங்கே வேண்டியது காவலும் மீட்பும். அதனால் புறக்காப்பு என்பதே சரி. இடத்தைச் சொல்ல, புறக்காப்பகம். புறநோயாளி மருத்துவமனையில் தங்குவதில்லை, ஆனாலும் அவர் அதன் நோயாளிதான். புறக்காப்பில் உள்ள சுவடியும் அப்படியே: தங்குவது வெளியே, பொறுப்பு நம்முடையது.

இதற்கு எடுத்துக்காட்டாக விளங்குவது 1986இல் தொடங்கிய ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் காப்பிடம். அங்கே நூல்களைப் பொருள்வாரியாக அடுக்குவதில்லை, அளவுவாரியாகத் தட்டுகளில் வைக்கிறார்கள். நூல், தட்டு, அலமாரி மூன்றுக்கும் பட்டைக்குறி (பார்கோடு) உண்டு. குறி தவறினால் நூல் தொலைந்ததற்குச் சமம். ஆகவே பெட்டி வாசலைத் தாண்டும் முன் பட்டியல் முடிந்திருக்க வேண்டும். ‘அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அனுப்பிய பெட்டி திரும்பத் திறக்கப்படுவது அரிது.

பெட்டிகளை வாடகைக்கு வைத்துக் காக்கும் வணிக நிறுவனங்களின் வழக்கமான அட்டைப்பெட்டி 15 × 12 × 10 அங்குலம், ஏறக்குறைய ஒரு கன அடி. தாள் நிறைந்தால் 14 கிலோ வரை வரும். அரைகுறையாக நிரப்பினால் தாள்கள் சரிந்து வளைந்துவிடும், மேலே அடுக்கிய பெட்டி கீழுள்ளதை நசுக்கும். மீந்த இடத்தை அமிலமற்ற அட்டையால் அடைத்துவிடுங்கள். வெளிப்புறத்தில் எண் மட்டும் போதும்; உள்ளே இருப்பதன் பெயரை எழுதுவது திருடனுக்கு வழி காட்டுவது.

அந்த நிறுவனங்களோடு செய்யும் ஒப்பந்தத்தில் இரண்டு இடங்களை நிறுத்தி வாசிக்க வேண்டும். முதலாவது அழிப்புத் தேதி. இந்த நிறுவனங்களின் முறையே குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் அழிக்கப்படும் அலுவலகக் கோப்புகளுக்காக அமைந்தது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடாமல் ‘நிரந்தரம்’ என்றே எழுதுங்கள். இரண்டாவது, பெட்டிகளை முழுவதும் திரும்ப எடுக்கும் கட்டணம். மாத வாடகை மலிவாகத் தெரியும், வெளியேறும்போதுதான் கனக்கும்.

ஹார்வர்டு காப்பிடத்தின் சூழல் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ், 35 விழுக்காடு ஈரப்பதம். தாளுக்கு அது நன்று. பனையோலைக்கோ அந்த வறட்சி ஆகாது, ஓலை முறுகி விளிம்பு உடையும். ஓலைக்கு 50 விழுக்காட்டை ஒட்டியே வைப்பது நல்லது. குளிரிலிருந்து வரும் பெட்டியைச் சென்னை வெக்கையில் உடனே திறந்தால், குளிர்ந்த சொம்பின் புறத்தில் முத்துமுத்தாய் நீர் கட்டுவதுபோல் ஏட்டின்மேல் ஈரம் படியும், மை கசியும். பாலித்தீன் உறையோடு ஒரு நாள் முழுக்கத் திறக்காமல் அறையிலேயே வைத்திருந்து, பிறகு கயிற்றை அவிழுங்கள்.