மண்நாக்கா, மண்ணாக்கா?

போன வாரம் சிங்கப்பூர்ல மெக்ரிச்சி நீர்த்தேக்கம் பக்கம் நடக்கப் போனோம், மழை விட்டு ஒரு மணி நேரம்தான் இருக்கும், மக்கிப்போன கட்டையில கறுப்பா விரல் மாதிரி ரெண்டு மூணு நீட்டிட்டு இருந்துச்சு, கூட வந்த மச்சான் “இதான் எர்த் டங்”னு அடிச்சு சொல்லிட்டார். அது இல்ல மச்சான். கட்டையில கெட்டியா முளைக்கிற கறுப்பு விரல்னா பெரும்பாலும் சைலேரியாங்கிற வேற பூஞ்சை. நாம பேசுற ஆள், அதாவது தமிழ்ல பேர் தேடிட்டு இருக்கிற எர்த் டங்ங்கிற பூஞ்சை, மண்ணுல, புல்லுக்கும் பாசிக்கும் நடுவுல தலை நீட்டும், சில சென்டிமீட்டர் உயரம்தான்.

அறிவியல் பேர் ஜியோகுளோசம், 1794ல பூஞ்சை ஆய்வாளர் பெர்சூன் வச்சது. கிரேக்கத்துல ‘கே’ன்னா மண், ‘குளோசா’ன்னா நாக்கு. தேக்கா மார்க்கெட்ல நாம நாக்கு மீன்னு கேட்டு வாங்குறோமே, அதுக்கும் சைனோகுளோசஸ்னுதான் பேர், அதாவது நாய்நாக்கு. நம்ம மீனவங்க நாயை விட்டுட்டு நாக்கை மட்டும் வச்சுக்கிட்டாங்க, நல்லதாப் போச்சு.

நாக்கு மாதிரி இருக்கிறதை எல்லாம் முன்னாடி ஒரே குடும்பத்துல போட்டு வச்சிருந்தாங்க. டிஎன்ஏ பாத்தப்புறம் பச்சை நிற மைக்ரோகுளோசம் வேற கூட்டம்னு தெரிஞ்சுது, கறுப்பு நாக்குகளுக்கு 2009ல ஜியோகுளோசோமைசீட்ஸ்னு வகைப்பாட்டுல தனி வகுப்பே வந்துடுச்சு. எல்லாமே பைப்பூஞ்சைதான், குடை பிடிக்கிற காளான் சாதி இல்ல, வித்துகள் குட்டிப் பைக்குள்ள வளரும். பிரிட்டன்ல உரம் படாத பழைய புல்வெளியில இதைப் பாத்தா அந்த நிலத்தை ரொம்ப நாளா யாரும் உழுது கெடுக்கலன்னு அர்த்தம், உரத்தைக் கொட்டினா ஆள் காணாமப் போயிடும்.

சரி, தமிழ்ல என்ன சொல்றது? புவிநாக்குன்னா பூகோளத்துக்கே நாக்கு முளைச்ச மாதிரி இருக்கு, எனக்குப் பிடிக்கல. மண்நாக்குதான் சரி. ஆனா கண்ணும் நீரும் சேந்தா கண்ணீர் ஆகுற கணக்குல பாத்தா இதுவும் மண்ணாக்குன்னு ஆகணும், தொண்டையில தொங்குற அண்ணாக்குக்குத் தம்பி மாதிரி அழகாத்தான் இருக்கு, ஆனா படிக்கிறவன் ‘மண் ஆக்கு’ன்னு பிரிச்சுட்டா சமையல் குறிப்பு ஆயிடும். அதனால சேக்காம மண்நாக்குன்னே எழுதலாம்.

இன்னொரு சிக்கல் டிரைகோகுளோசம், அதுவும் கறுப்பு நாக்குல ஒரு வகைதான். லென்ஸ் வச்சுப் பாத்தா மேல முழுக்க குட்டிக் குட்டி முள்மயிர் நிக்கும், பேரோட நேர் அர்த்தம் மயிர்நாக்கு. இலக்கியத்துல சுத்தமான சொல்தான், ஆனா வகுப்புல டீச்சர் சத்தமா வாசிச்சா பசங்க விடுவாங்களா? ரோமநாக்குன்னு வச்சுக்குவோம்.