ஆன்கோஜீன்: தமிழில் புற்றூக்கி மரபணு

ஆன்கோஜீன் என்ற சொல்லை 1969-இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க ஆய்வாளர்கள் ராபர்ட் ஹியூப்னரும் ஜார்ஜ் டொடாரோவும். கிரேக்கத்தில் ‘ஓங்கோஸ்’ என்றால் பருமன், திரட்சி. ‘ஜீன்’ என்பது டென்மார்க்கின் வில்ஹெல்ம் யோஹான்சன் 1909-இல் வைத்த பெயர். ஆக, கட்டியை உண்டாக்கும் மரபணு.

தமிழில் இதைப் ‘புற்றுமரபணு’ என்று எழுதுகிறார்கள். தப்பில்லை. ஆனால் புற்று, மரபு இரண்டும் ஒட்டி நிற்பதால், காதில் விழுந்ததும் ‘பரம்பரை நோய்’ என்றே மனசில் பதிகிறது. எங்கள் கொங்குப் பக்கம் ஜாதகம் சேர்ந்து, தோட்டந்தொரவு பார்த்து முடித்த பிறகும், “அந்த ஊட்டுல புத்துநோய் இருந்துச்சாமுங்க” என்ற ஒரே பேச்சில் சம்பந்தம் நின்றுபோவதுண்டு. அதனால்தான் ‘புற்றூக்கி மரபணு’ என்ற சொல்லையே விரும்புகிறேன். அந்த மரபணு செய்கிற வேலையை அது சொல்லிவிடுகிறது.

இதன் கதை கோழியில் தொடங்குகிறது. நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் என்ற மருத்துவர், கோழியின் உடம்பில் வந்த கட்டியை அரைத்து, செல் ஒன்றுகூடத் தங்காமல் வடிகட்டி, அந்தச் சாற்றை இன்னொரு கோழிக்கு ஊசியில் ஏற்றினார். அதற்கும் கட்டி வந்தது. 1911-இல் இதை வெளியிட்டார். நோபல் பரிசு கிடைத்தது 1966-இல். சாற்றில் இருந்தது ஒரு வைரஸ்.

நாமக்கல் பண்ணைக்காரர்களுக்கு இது அந்நியமான சங்கதி அல்ல. முட்டைக்கோழிக் குஞ்சு பொரிந்த அன்றே, பெட்டியில் அடுக்கும் முன், கழுத்துத் தோலைத் தூக்கிப் பிடித்து மேரெக்ஸ் தடுப்பூசி போடுகிறார்கள் அல்லவா? மேரெக்ஸும் வைரஸால் வரும் கட்டி நோய்தான். அது வேறு குடும்பத்து வைரஸ், ஆனால் அதற்குள்ளும் ‘மெக்’ என்றொரு புற்றூக்கி மரபணு இருக்கிறது.

ரவுஸ் கண்ட வைரஸில் கட்டியைக் கிளப்பும் மரபணுவுக்கு ‘சார்க்’ என்று பெயர். 1976-இல் மைக்கேல் பிஷப், ஹெரால்டு வார்மஸ் குழு அதைத் தேடிப் போனபோது, நோயே இல்லாத கோழியின் டிஎன்ஏவிலும் அது இருந்தது. காடை, வாத்து, வான்கோழியிலும் இருந்தது. கோழியின் சொந்த மரபணுவைத்தான் வைரஸ் எப்போதோ எடுத்துக்கொண்டு போயிருக்கிறது! பிற்பாடு மனிதரிலும் அதைக் கண்டார்கள். 1989-இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது.

அதாவது புற்றுக்கு வித்து வெளியிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. செல் எப்போது பெருக வேண்டும் என்று சொல்லும் நல்ல மரபணுக்களே பழுதாகி ஊக்கிகள் ஆகின்றன. பழுதாகும் முன் அதன் பெயர் புரோட்டோ ஆன்கோஜீன். ‘மூல ஊக்கி மரபணு’ எனலாம்.

பழுது எவ்வளவு சின்னது என்பதை ‘ராஸ்’ மரபணுவில் பார்க்கலாம். அது தரும் புரதம் ஜிடிபி என்ற மூலக்கூறைப் பிடித்திருக்கும்வரை ‘பெருகு’ என்று சைகை கொடுக்கும். அதை உடைத்ததும் அடங்கிவிடும். 1982-இல் ஒரு சிறுநீர்ப்பைப் புற்றுச் செல்லில் கண்டது டிஎன்ஏவின் வேதி எழுத்துகளில் ஒரே ஒரு மாற்றம்: ஜி இருந்த இடத்தில் டி. அதனால் புரதச் சங்கிலியின் 12-ஆம் கண்ணியான அமினோ அமிலம், கிளைசின் மாறி வேலின் ஆனது. உடைக்கும் திறன் போயிற்று. ஸ்டார்ட்டர் ஒட்டிக்கொண்ட கிணற்று மோட்டார் மாதிரி, நிறுத்த ஆளில்லாமல் ஓடுகிறது. புகையிலைப் புகையில் உள்ள பென்சோபைரீன் ஜி எழுத்தில் ஒட்டி, ஜி-யை டி ஆக்கும் இதே வகை மாற்றத்தை நுரையீரலில் உண்டாக்குகிறது.

ஊக்கி மட்டும் போதாது. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் ஆர்பி, பி53 போன்ற புற்றடக்கி மரபணுக்களும் கெட வேண்டும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என வரும் இரு பிரதிகளில், ஊக்கிக்கு ஒன்று கெட்டாலே போதும். அடக்கிக்குப் பெரும்பாலும் இரண்டும் கெட வேண்டும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றை வைத்து 1971-இல் ஆல்ஃபிரட் நட்சன் இதைக் கணித்தார். இப்படிப் பல பழுதுகள் ஒரே செல்லிலிருந்து பெருகி வரும் வழித்தோன்றல்களில் சேர வருடக்கணக்கில் ஆகும். புற்று வயதானவர்களுக்கு அதிகம் வருவதற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

சரி, பரம்பரைக்கு வருவோம். இந்தப் பழுதுகளில் பெரும்பாலானவை வாழும் காலத்தில், அந்த ஓர் உறுப்பின் செல்லில் நேர்பவை; விந்தணுவுக்கோ கருமுட்டைக்கோ போவதில்லை. பிறவியிலேயே வரும் பழுதால் உண்டாவது நூற்றில் 5 முதல் 10 புற்றுகள்தான். அதிலும் பெரும்பாலும் கைமாறி வருவது பிஆர்சிஏ1 போன்ற அடக்கி மரபணுவின் பழுது, ஊக்கியின் பழுது அரிது. நெருங்கிய சொந்தத்தில் சின்ன வயசிலேயே மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ பலருக்கு வந்திருந்தால் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. அப்படிப் பழுது இருக்கும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு அது போக இரண்டில் ஒரு வாய்ப்பு. போனாலும், போவது பழுதான மரபணுதான், நோய் அல்ல.