சிலிக்கான் அல்ல, சிலிக்கோன்

கடலூர், புதுச்சேரிப் பக்கம் தீக்காயத் தழும்புக்கு ‘சிலிக்கான் மருந்துத் தாள்’ ஒட்டச் சொல்லும் துண்டறிக்கைகள் பெருகிவிட்டன. மூன்று சொல், மூன்றும் பிழை.

சிலிக்கான் ஒரு தனிமம். சாம்பல் நிறத்தில் மினுங்கும், தட்டினால் நொறுங்கும், கணினிச் சில்லுக்கு ஆகும். தழும்பில் ஒட்டுவது சிலிக்கோன்: சிலிக்கானும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி, ரப்பர்போல வளைவது. லத்தீனில் சிக்கிமுக்கிக் கல்லைக் குறிக்கும் சொல்லே இரண்டுக்கும் வேர். கார்பன், போரான் வரிசையில் ஒலிக்கட்டும் என்று 1817இல் வேதியியலாளர் தாமஸ் தாம்சன் தனிமத்துக்கு அந்த ஈற்றைப் போட்டார். சிலிக்கோனின் ஈறு கீட்டோன் என்ற கரிமச் சேர்ம வகையின் பெயரிலிருந்து வந்தது. அதைக் கீட்டோனுக்கு நிகரான சேர்மம் என்று எண்ணி வேதியியலாளர் பிரெடெரிக் கிப்பிங் வைத்த பெயர். எண்ணம் பிழைத்தது, பெயர் நிலைத்துவிட்டது. பிரெஞ்சில் தனிமம் சிலிசியம், ரப்பர் சிலிக்கோன். பிரெஞ்சு படித்த புதுச்சேரிக்காரருக்கு இந்தக் குழப்பமே வராது.

சிலிக்கானைத் தனித்தமிழில் மண்ணியம் என்பாரோடு பூசல் இல்லை. சிலிக்கோனையும் மண்ணியம் என்றே எழுதினால்தான் வம்பு. தூய்மைக்காகத் தெளிவை விற்பதைவிடக் கடன்சொல்லைச் சரியாக எழுதுவது மேல்.

‘மருந்து’ இன்னும் கேடு. இதில் மருந்தே கிடையாது. தழும்பின் மேல்தோலிலிருந்து ஈரம் ஆவியாகாமல் மூடிவைப்பதுதான் இதன் வேலை. மருந்து என்று படித்தவர், அது உள்ளே இறங்கியிருக்கும் என்று ஒரு மணி நேரத்தில் உரித்துவிடுவார். நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், இரண்டு மூன்று மாதமாவது ஒட்டியிருக்க வேண்டும். ‘பிளாஸ்திரி’ என்றாலோ திறந்த புண்ணிலேயே ஒட்டிவிடுவார்கள். புண் முழுதும் மூடித் தோல் வந்த பிறகே ஒட்டலாம்.

‘தாள்’ நனைந்தால் கிழியும். இதையோ தினமும் மென்மையான சோப்பில் கழுவி, உலர்த்தி, மறுபடி ஒட்ட வேண்டும். தகடு என்றால் வளையாது, படலம் என்றால் கண்ணில் வளர்வது. ‘சிலிக்கோன் ஒட்டுப்பட்டை’ போதும். கத்திரி வெயிலில் அடியில் வியர்வை தேங்கித் தோல் ஊறும், வேர்க்குரு வரும். அப்போது எடுத்துவிட்டு, தோல் ஆறியதும் சில மணி நேரத்திலிருந்து மறுபடி கூட்டிக்கொண்டு போகலாம்.

கூடவே தழும்பை அழுத்திவைக்க அணியும் உடைக்கு ‘இறுக்க நெசவு உடை’ என்று ஒரு பெயர். அது நெசவே அல்ல. நைலானும், ரப்பர்போல இழுபடும் எலாஸ்டேன் இழையும் சேர்ந்த பின்னல் துணி. ஒரு காலத்தில் ஆலை நெசவுக்குப் பேர்போன புதுச்சேரியில் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது! ‘இறுக்கம்’ என்று கேட்ட தையற்காரர் எல்லா இடத்தையும் ஒரேபோல் பிடித்துவிடுவார். வேண்டியது அழுத்தம், அதாவது அளக்கக்கூடியது: பாதரச அளவில் சுமார் 15 முதல் 25 மில்லிமீட்டர். துணி ஒரே விசையில் இழுபட்டாலும், சுற்றளவு சிறுத்த மணிக்கட்டில் அழுத்தம் ஏறும், தொடையில் குறையும். நடுநெஞ்சுக் குழியில் துணி தோலைத் தொடவே தொடாது. ஆகவே ‘அழுத்த உடை’. நாள் முழுக்கப் போட்டுத் துவைத்தால் இரண்டு மூன்று மாதத்தில் துணி தளர்ந்துபோகும். அளவெடுத்துப் புதிது தைக்க வேண்டும்.

நெஞ்சுக் குழியை நிரப்ப, இரு பாகம் கலந்து ஊற்றும் சிலிக்கோனில், உடைக்கு அடியில் வைக்கும் அடியணை வார்ப்பார்கள். அங்கேயும் ஒரு சொற்பிழை: கலவை பிசுபிசுத்தால் ‘காயவில்லை’ என்கிறார்கள். பிளாட்டின வினையூக்கி சேர்ந்த சிலிக்கோன் காய்வதில்லை, இறுகுகிறது. லேடெக்ஸ் கையுறையிலுள்ள கந்தகம் பட்டால் அந்த வினையூக்கி செயலிழக்கும். காயட்டும் என்று எத்தனை நாள் வெயிலில் வைத்தாலும் பிசுபிசுப்பு போகாது. வழித்தெறிந்துவிட்டு, வினைல் கையுறை மாட்டிக்கொண்டு புதிதாகக் கலக்க வேண்டும்.