மூளை நீர்க்கோவையா, மூளைநீர்த் தேக்கமா?

மூளையின் உள்ளறைகளில் ரத்தம் கசிந்து உறைவது போன்ற காரணங்களால், அங்கு ஊறும் நீர் வடிய வழியில்லாமல் நின்றுவிடும் நிலையை மருத்துவர்கள் ‘ஹைட்ரோசெபாலஸ்’ என்பார்கள். அண்மையில் ஒரு மருத்துவமனையின் விளக்கத்தாள் இதனை ‘மூளை நீர்க்கோவை’ என்றும், இதற்குச் செய்யும் எண்டோஸ்கோபி அறுவையை ‘உள்நோக்கி அறுவை’ என்றும் குறித்திருந்தது. நலவாழ்வுக் கட்டுரைகளிலும் இதே பெயர்களைத் தொடர்ந்து பார்த்துவருகிறேன். இரண்டும் தவறு; முதலாவது ஆபத்தான தவறு.

கிரேக்கத்தில் ‘ஹைடோர்’ என்றால் நீர், ‘கெஃபாலே’ என்றால் தலை. இரண்டும் சேர்ந்த இந்த நோய்ப்பெயர், நீர் தலைக்குள் எந்த இடத்தில், எதனால் சேர்ந்தது என்பதைச் சொல்வதில்லை. ஆகவே சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘நீர்த்தலை’ என்பதாலும் பயனில்லை. நோய் நிகழும் விதத்தைத்தான் பார்க்க வேண்டும்.

வளர்ந்தவர் ஒருவரின் மூளையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 500 மி.லி. நீர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பதோ சுமார் 150 மி.லி.தான். பக்க அறைகள் இரண்டிலிருந்தும் மூன்றாம் அறைக்கும், அங்கிருந்து ஒரு குறுகிய கால்வாய் வழியே நான்காம் அறைக்கும் சென்று, மூளையின் மேற்பரப்பை அடைந்து ரத்தத்தில் கலப்பது அதன் பாதை. அந்தக் கால்வாயில் ஒரு சிறு ரத்தக்கட்டி அடைத்துக்கொண்டாலும், சுரப்பது நிற்காததால், மேலேயுள்ள அறைகள் உப்பி மூளையை அழுத்தத் தொடங்குகின்றன.

இதற்கு ‘நீர்க்கோவை’ என்ற சொல் ஏன் பொருந்தாது? தமிழ்நாட்டில் நீர்க்கோவை என்றால் சளி பிடித்துத் தலை பாரமாக இருப்பது என்றுதான் எவரும் புரிந்துகொள்வர். நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடும் வழக்கம் இன்றும் பல வீடுகளில் உண்டு. “அப்பாவுக்குத் தலையில் நீர்க்கோவை” என்று கேள்விப்படும் உறவினர், ஆவி பிடிக்கச் சொல்வாரே தவிர, அன்றே மண்டையில் துளையிட வேண்டிய அவசரம் இது என்று நினைக்க மாட்டார். இச்சொல்லுக்காக வாதிடுவோர், கோத்தல் என்பதற்குச் சேர்தல் என்ற பொருள் உண்டென்றும், “காலில் நீர் கோத்திருக்கிறது” என்று மக்களே பேசுகிறார்கள் என்றும் சொல்வதுண்டு. அவர்கள் காட்டும் அந்த எடுத்துக்காட்டே அவர்களுக்கு எதிராக நிற்கிறது. காலில் நீர் கோப்பது என்பது திசுக்களுக்குள் நீர் ஊறி வீங்குவது. மூளையிலும் அப்படியொரு நிலை உண்டு. அது மூளை வீக்கம், ரத்தக்கசிவைச் சுற்றி அடிக்கடி காணப்படுவது. அதற்கு வீக்கத்தை வற்றவைக்கும் மருந்து ஊசி வழியே தரப்படும். ஹைட்ரோசெபாலஸுக்கோ தேங்கிய நீரை வெளியேற்ற வழிசெய்ய வேண்டும். சிகிச்சை வேறுபடும் இரு நிலைகளை ஒரே சொல்லால் குறிப்பதைத் தமிழ்ப்பற்று என்று என்னால் ஏற்க முடியாது. பழஞ்சொல் ஒன்று கிடைத்த மகிழ்ச்சியில், அது இன்று எந்தப் பொருளில் வழங்குகிறது என்று பாராமலே எடுத்து ஒட்டும் இப்பழக்கம் மருத்துவ மொழிபெயர்ப்பில் பெருகிவருகிறது.

‘மூளைநீர்த் தேக்கம்’ என்பதே சரி. ஓடிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது என்ற செய்தி ‘தேங்குதல்’ என்ற வினையிலேயே அடங்கியிருக்கிறது. பாதையில் அடைப்பு இல்லாமல், கசிந்த ரத்தத்தால் நீர் உறிஞ்சப்படுவது மட்டும் கெட்டுப்போன நோயாளிக்கும் இச்சொல் பொருந்தும்.

‘உள்நோக்கி’ என்பதன் குறை வேறு வகையானது. “கதவு உள்நோக்கித் திறந்தது” என்பதுபோல அது திசையைக் குறிக்கும் சொல்லாகவே கண்ணில் படுகிறது. ‘அகநோக்கி’ என்ற சொல் முன்பே இருக்கிறது. அது கருவி என்பது படித்தவுடன் விளங்கும். எண்டோஸ்கோபி என்ற சொல்லை விலக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் அதைக் கேட்டதும் வாய்வழியே வயிற்றுக்குள் குழாய் விடுவதுதான் பலருக்கும் நினைவுக்கு வருகிறது என்பதால், ‘மூளை அகநோக்கி அறுவை’ என்று இடத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நெற்றிக்கு மேலே மண்டையோட்டில் சிறு துளையிட்டு, சில மில்லிமீட்டர் தடிமனுள்ள அகநோக்கியை மூளை அறைக்குள் செலுத்தி, உப்புநீரால் அலசியபடி ரத்தக்கட்டியை உறிஞ்சி எடுப்பதே இந்த அறுவை.

சிலருக்கு இதனுடன் மூன்றாம் அறையின் அடித்தளத்தில் ஒரு துளையிட்டு நீருக்குப் புதுவழி அமைப்பதுண்டு. பாஸ்டன் நகரில் 1923இல் வில்லியம் மிக்ஸ்டர் ஒரு குழந்தைக்கு இதைச் செய்தபோது, சிறுநீர்ப் பாதையைப் பார்க்கும் கருவியைத்தான் பயன்படுத்தினார். ‘வென்ட்ரிகுலோஸ்டமி’ எனப்படும் இந்தச் சிகிச்சையை அதே விளக்கத்தாள் ‘மூன்றாம் கீழறை நீக்கம்’ என்கிறது. கீழறை இதயத்துக்கு உரிய சொல். மூளையில் இருப்பது வெறும் அறை. ‘ஸ்டமி’யின் வேர்ச்சொல்லான ‘ஸ்டோமா’ வாய் என்று பொருள்படும். இங்கே எதுவும் நீக்கப்படுவதில்லை, ஒரு வாய் திறக்கப்படுகிறது. ‘மூன்றாம் மூளை அறைத் திறப்பு’ என்று எழுதியிருந்தால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடும் மகனோ மகளோ, தம் தந்தையின் மூளையில் ஒரு பகுதியை வெட்டி எடுக்கப்போகிறார்கள் என்று அஞ்ச நேர்ந்திருக்காது.