பார்க் இடத்தில் பள்ளிக்கூடம் கட்டலாமா?

ஓசூரில் பாகலூர் சாலைப் பக்கம் உள்ள ஒரு மனைப்பிரிவில் சமீபத்தில் ஒரு கூட்டம் நடந்தது. நாற்பது பேர் இருக்கும், பிளாஸ்டிக் நாற்காலி, நல்ல கொசு. "ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மெயின் ரோட்டைத் தாண்டிப் போகுதுங்க. இந்த பார்க் இடம் சும்மாதானே கிடக்குது, பள்ளிக்கூடம் கட்டச் சொல்லலாம்" என்றார் ஒருவர். அந்த 'சும்மா' என்ற சொல்தான் மற்றவர்களுக்குப் பொறுக்கவில்லை. காலையில் நடப்பவர்கள், சாயங்காலம் கிரிக்கெட் ஆடும் பையன்கள், சிமெண்ட் மேடையில் ராகி காயப்போடும் பாட்டி என எல்லோருக்கும் அது தேவைப்படும் இடம். இரண்டு மணி நேரம் பேசினார்கள். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட் வரைபடத்தில் அந்த இடத்தின் மேல் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 'பூங்கா' அல்லது 'திறந்தவெளி' என்று இருந்தால் ஒரு கதை. 'பொது உபயோகம்' என்றோ 'பள்ளி' என்றோ இருந்தால் வேறு கதை. மனை விற்றபோது புரோக்கர் கொடுத்த வண்ண நோட்டீசை நம்ப வேண்டாம். அதில் பச்சை அடித்த இடமெல்லாம் பூங்கா ஆகிவிடாது.

இந்த இடம் எப்படி வந்தது? தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு (ஏறக்குறைய இரண்டரை ஏக்கர்) மேற்பட்ட லேஅவுட் போடுபவர், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிப் பதிவு செய்துதர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால் நிலத்துக்குப் பதில் அதன் வழிகாட்டி மதிப்பைப் பணமாகவும் கட்டலாம். ஓஎஸ்ஆர் (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்று சொல்வது இதைத்தான். பத்திரம் உள்ளாட்சியின் பெயரில் இருக்கிறது என்பதற்காக மாநகராட்சியோ ஊராட்சியோ நினைத்ததைக் கட்டிக்கொள்ள முடியாது. எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அதற்காகத்தான் வைத்திருக்க வேண்டும். மனை வாங்கியவர்கள் கொடுத்த விலையில் இந்தப் பத்து சதவீதத்தின் விலையும் சேர்ந்தேதான் இருக்கிறது.

1959-ஆம் ஆண்டிலேயே நம் மாநிலத்தில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வந்துவிட்டது. உள்ளாட்சிகள் இவற்றுக்குப் பட்டியல் தயாரிக்க வேண்டும். பட்டியலில் உள்ள இடத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்த முன் அனுமதி வேண்டும். வார்டு கூட்டத்தில் கை தூக்கி முடிவெடுக்கிற விஷயம் இல்லை.

ஓசூருக்குப் பக்கத்திலேயே ஒரு முன்னுதாரணம் உண்டு. பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது குடியிருப்பவர்கள் வழக்குப் போட்டார்கள். 1991-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒதுக்கீடு செல்லாது என்றது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்தத் தீர்ப்பைப் பூங்கா வழக்குகளில் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். அது தனியார் மருத்துவமனை, இது அரசுப் பள்ளிதானே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் கட்டப்போவது நல்ல காரியம் என்பதாலேயே 1959 சட்டம் கேட்கும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது.

சரி, பள்ளி கேட்டவர்கள் பக்கம்? அவர்கள் கேட்பதும் சட்டப்படியான உரிமைதான். 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வது: குடியிருப்பிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் ஐந்தாம் வகுப்பு வரையிலான பள்ளி, 3 கிலோமீட்டருக்குள் எட்டாம் வகுப்பு வரை. அதே சட்டத்தின் அட்டவணை, பள்ளி என்றால் ஒவ்வோர் ஆசிரியருக்கும் ஒரு வகுப்பறை, ஆண் பெண் பிள்ளைகளுக்குத் தனித்தனிக் கழிப்பறை, சத்துணவு சமைக்கும் இடம், சுற்றுச்சுவர், விளையாட்டு மைதானம் எல்லாம் வேண்டும் என்கிறது.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று ஏக்கர் லேஅவுட் என்றால் சுமார் 12,140 சதுர மீட்டர். சாலைக்கு 30 சதவீதம் போனால் மீதி 8,500. அதில் பத்தில் ஒரு பங்கு 850 சதுர மீட்டர், அதாவது 21 சென்ட். அதில் ஐந்து வகுப்பறை, சமையல்கூடம், கழிப்பறை, சுற்றுச்சுவர் வந்தபின் பிள்ளைகள் ஓடுவதற்கு என்ன மிஞ்சும்? பூங்காவும் போய், மைதானமும் இல்லாத பள்ளிதான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால், பள்ளிக்கு வேறு நிலம் தேடுவதுதான் சரி. லேஅவுட்டில் 'பொது உபயோகம்' என்று தனி இடம் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பக்கத்துக் கிராமக் கணக்கில் அரசு தரிசோ நத்தம் புறம்போக்கோ இருக்கலாம். கிராமத்து நிலங்களின் விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டில் கிராம நிர்வாக அலுவலர் காட்டுவார். அதை வருவாய்த் துறை கல்வித் துறைக்கு மாற்றித் தர முடியும். ஏரி, குளம், ஓடைப் புறம்போக்குப் பக்கம் மட்டும் போகாதீர்கள், அது இன்னொரு வழக்கு. பள்ளி பூங்காவை ஒட்டி அமைந்துவிட்டால் இன்னும் நல்லது. பிள்ளைகள் பகலில் அங்கே விளையாடலாம், பூங்கா பூங்காவாகவே இருக்கும்.

வரைபடம் கைக்கு வர, மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்துடன் மனு போடுங்கள். 'பூங்கா பற்றிய விவரம் தருக' என்று பொதுவாக எழுதினால் பதிலும் அப்படியேதான் வரும். சர்வே எண்ணைப் போட்டு, 'அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், தானப்பத்திரத்தின் எண், பதிவான தேதி' என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். கூடவே சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் எடுத்துவிடுங்கள். ஓசூர் 2019-இல்தான் மாநகராட்சி ஆனது. பழைய லேஅவுட் என்றால் அன்றைக்கு அந்த இடம் எந்த உள்ளாட்சியில் இருந்ததோ அதன் பெயரில்தான் பத்திரம் இருக்கும். மாநகராட்சி பெயரில் மட்டும் தேடிவிட்டு, தானமே எழுதித் தரவில்லை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.