டிக்கெட்டில் உள்ள தேதியை இன்னொரு முறை பாருங்கள்

"அமெரிக்காவுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?" கிருஷ்ணகிரியில் விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் என்னிடம், பிள்ளைகளைப் பார்க்கக் கிளம்பும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். பெங்களூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோ நேர்கோட்டில் சுமார் 14,000 கிலோமீட்டர். எங்கும் இறங்காமல் பறந்தால் 16, 17 மணி நேரம் ஆகும்.

டிக்கெட்டைப் பார்த்தால் இந்தக் கணக்கு தெரியாது. மதியம் 2.30க்கு ஏறி, அதே நாள் மாலை 5.30க்கு இறங்குவதாக இருக்கும். மூன்று மணி நேரத்தில் போய்விடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அந்தந்த ஊர் நேரத்தைத்தான் டிக்கெட்டில் போடுவார்கள். குளிர்காலத்தில் அந்த ஊர் நம்மைவிட பதின்மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது, கோடையில் பன்னிரண்டரை. இரவில் கிளம்பித் திரும்பும்போது தேதி இரண்டு தாண்டும். 2021 ஜனவரியில் பெண் விமானிகளே ஓட்டிவந்த ஏர் இந்தியா விமானம் 9ஆம் தேதி இரவு அங்கே கிளம்பி, வட துருவம் வழியாக 11ஆம் தேதி விடியற்காலை பெங்களூரில் இறங்கியது. அழைத்துவரப் போகிறவர்கள் இறங்கும் தேதியைப் பார்த்து வண்டி சொல்லுங்கள்.

இதைவிட ஆபத்தானது நள்ளிரவு விமானம். காவேரிப்பட்டணத்துக்காரர் ஒருவர், மனைவியோடு மகளின் பிரசவத்துக்குக் கிளம்பினார். விமானம் 15ஆம் தேதி 1.40 மணி. அதிகாலை 1.40. அவர்கள் 15ஆம் தேதி இரவு சாப்பிட்டுவிட்டு, கார் ஏறும் முன் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்கள். பேறுகால மருந்துப் பொடியும் மாவடு ஊறுகாயும் துணியில் சுற்றி, பெட்டி கயிறு போட்டுக் கட்டியிருந்தது. விமானம் போய் ஒரு நாள் ஆகப்போகிறது. டிக்கெட் போட்டது நான்தான். தேதியை வாய்விட்டுச் சொல்லாதது என் தவறு. அந்தம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். முதல் விமானத்தைத் தவறவிட்டால், திரும்பி வரும் டிக்கெட்டையும் பெரும்பாலான நிறுவனங்கள் ரத்து செய்துவிடும். போக முடியாது என்று தெரிந்த உடனே, விமானம் கிளம்பும் முன்பே போன் செய்து சொல்லிவிடுங்கள்.

அப்புறம், நம் ஊரிலிருந்து பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ஓசூர் வரை சீக்கிரம் போய்விடலாம். சந்தாபுரத்திலும் சில்க் போர்டிலும் மாலையில் மாட்டினால் ஒரு மணி நேரம் போய்விடும். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் அங்கே இருக்க வேண்டும், கடைசி ஒரு மணி நேரத்தில் செக்-இன் கவுன்டரை மூடிவிடுவார்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளைக் கைப்பையிலேயே வையுங்கள். எந்த ஊர் நேரத்துக்குப் போட்டுக்கொள்வது என்று டாக்டரிடம் முன்பே கேட்டுவிடுங்கள்.

இப்போதெல்லாம் டிக்கெட்டின் பின்பக்கம் பெரிய எழுத்தில் நானே எழுதிக் கொடுக்கிறேன்: "14ஆம் தேதி, வியாழன், சாயங்காலம் 6 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பணும்." அதை அவர்களையே ஒரு தடவை படித்துக் காட்டச் சொல்கிறேன்.