சபை நாட்டுதல்: சொல் விளக்கம்

'சர்ச் பிளான்டிங்' என்ற தொடரைப் போதகர்கள் தமிழ்ப் பிரசங்கத்தின் நடுவிலும் ஆங்கிலமாகவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். கேட்கிறவர்களில் பாதிப் பேர் ஏதோ கட்டடம் கட்டப் போகிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது கட்டட வேலை அல்ல. சபை இல்லாத இடத்தில் ஆட்களைச் சேர்த்து ஒரு புதிய சபையைத் தொடங்கி, அது தன் காலில் நிற்கும்வரை உடனிருப்பதுதான் அதன் பொருள். ஒரு வீட்டு மாடியில் பதினைந்து பேர் ஞாயிறுதோறும் கூடி, ஞானஸ்நானமும் திருவிருந்தும் நடந்து, தங்களுக்குள் மூப்பரையும் ஏற்படுத்திக்கொண்டார்களானால் அங்கே சபை வந்துவிட்டது.

குழப்பத்துக்குக் காரணம் 'சர்ச்' என்ற சொல்தான். அதன் வேர் கிரேக்கத்தின் 'கூரியக்கோன்'. ஆண்டவருக்குரியது என்று பொருள். ஆண்டவருடைய வீட்டைக் குறித்து வந்த சொல் அந்த வீட்டில் கூடுகிறவர்களுக்கும் பெயராயிற்று. புதிய ஏற்பாட்டில் இருப்பதோ 'எக்ளேசியா'. ஏதென்ஸில் குடிமக்கள் கூடி வாக்களித்த மன்றத்துக்கு அதுதான் பெயர். எபேசு பட்டணத்து அரங்கில் தட்டார்கள் கிளப்பிய கலகத்தைச் சொல்லும் அப்போஸ்தலர் 19ஆம் அதிகாரத்திலும் அந்தக் கும்பலுக்கு 'எக்ளேசியா' என்றே இருக்கிறது. தமிழ் வேதாகமம் அந்த இடத்தில் 'கூட்டம்' என்று போட்டு நம்மைக் காப்பாற்றிவிட்டது. ஆக, பிறப்பிலேயே இது ஊர்ப் பொதுவிடத்துச் சொல்.

தமிழில் இந்தக் குழப்பம் வர வேண்டியதே இல்லை. கூடுகிற மக்கள் சபை. கூடும் இடம் ஆலயம் அல்லது கோயில். கத்தோலிக்கர் உலகளாவிய அமைப்பைத் திருச்சபை என்றும் ஓர் ஊரின் அலகைப் பங்கு என்றும் பிரித்துச் சொல்கிறார்கள். 'சபை' வடமொழியிலிருந்து வந்தது. பத்தாம் நூற்றாண்டு உத்திரமேரூர்க் கல்வெட்டில் குடவோலை முறை வகுத்த சபை, பிரமதேய ஊரின் பிராமண நிலவுடைமையாளர் கூடிய மன்றம். எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டிய கூட்டத்துக்கு அந்தப் பெயர் வந்து சேர்ந்ததை வரலாற்றின் குறும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

இனி வினைச்சொல். 'நான் நட்டேன், அப்பொல்லோ நீர்ப்பாய்ச்சினான், தேவனே விளையச்செய்தார்' என்று அப்போஸ்தலர் பவுல் கொரிந்து பட்டணத்துச் சபைக்கு எழுதினார். அங்கிருந்துதான் லத்தீனில் 'பிளான்டாசியோ எக்ளேசியே' என்ற தொடர் வந்தது. பதினேழாம் நூற்றாண்டில் உத்ரெக்ட் நகர இறையியலாளர் கிஸ்பெர்ட்டுஸ் வூட்சியுஸ், மனந்திருப்புதல், சபையை நடுதல், கடவுளின் மகிமை என்று அருட்பணிக்கு மூன்று நோக்கங்களை வகுத்தார். 1965இல் கத்தோலிக்கரின் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அருட்பணி பற்றி வெளியிட்ட ஆவணமும் திருச்சபையை நடுவது பற்றிப் பேசுகிறது. ஏதோ அண்மைக்கால அமெரிக்கப் பாணி என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்கலாம்.

நட்ட இடம் எது என்பதும் முக்கியம். கொரிந்து வயல் சூழ்ந்த கிராமம் அல்ல. இருபுறமும் துறைமுகம் வைத்திருந்த வணிகப் பட்டணம், அகாயா மாகாணத்தின் தலைநகர். பவுல் அங்கே ஒன்றரை ஆண்டு தங்கினார். ரோமாபுரியிலிருந்து துரத்தப்பட்டு வந்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் தம்பதியோடு சேர்ந்து கூடாரம் செய்து பிழைத்தார். சிறிது காலத்தில் கிழக்குத் துறைமுகமான கெங்கிரேயாவிலும் ஒரு சபை இருக்கிறது. பெபேயாள் அதன் ஊழியக்காரி. பவுல் எபேசுவில் திறன்னு என்பவனுடைய வித்தியாசாலையில் இரண்டு ஆண்டு பேசினார். உள்நாட்டிலிருந்த கொலோசெ ஊருக்கு அவர் போகாமலே எப்பாப்பிரா வழியாகச் செய்தி போய்ச் சேர்ந்தது. பட்டணத்துக்கு வருகிறவன் தன் ஊருக்குத் திரும்பிப் போவான், அல்லது அடுத்த பட்டணத்துக்குப் போவான். நகரத்தில் சபை தொடங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை. பவுல் தம் உடன் ஊழியர் தீத்துவுக்குக் கொடுத்ததும் 'பட்டணங்கள் தோறும்' மூப்பரை ஏற்படுத்தத்தான் கட்டளை.

நம் பக்கத்தில் இதற்கு நல்ல உதாரணம் பாளையங்கோட்டை. கோட்டையும் படையும் இருந்த ஊர். தஞ்சையிலிருந்து வந்த பிராமண விதவை ஒருவர் 1778இல் ஜெர்மானிய மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்று கிளாரிந்தா ஆனார். 1780இல் அங்கே எழுதப்பட்ட சபைப் பதிவேட்டில் நாற்பது பேர். ஆலயம் எழுந்தது 1785இல். ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றார்கள். முதலில் சபை, பிறகு ஆலயம் என்ற வரிசையைப் பாருங்கள். தொடங்கிய கிளாரிந்தா குருவானவரும் அல்ல, வெள்ளைக்காரரும் அல்ல. பிறகு உபதேசியார் சத்தியநாதன் வந்து நீர்ப்பாய்ச்சினார். திருநெல்வேலிச் சீமையின் கிராமச் சபைகள் பெருகியது இதற்குப் பின்புதான்.

இன்றைய பெருநகரத்தில் தேவை இன்னும் கூடுதல். ஊர் விட்டு வந்தவன், வேறு மொழிக்காரன், இரவுப் பணி முடித்து வருகிறவன், கோயில் வாசலே மிதிக்காதவன் ஆகியோருக்குப் பழைய சபையின் வழக்கங்களும் சொந்தபந்தக் கூட்டமும் எளிதில் வழிவிடுவதில்லை. புதிய சபையில் எல்லோரும் புதியவர்கள். நியூயார்க்கில் 1989இல் போதகர் டிமோதி கெல்லர் தொடங்கிய ரிடீமர் சபை வெகுகாலம் கல்லூரி அரங்கு போன்ற வாடகை இடங்களில்தான் கூடியது. வளர்ந்த சபை 2017இல் மூன்று தனிச் சபைகளாகப் பிரிந்தது. அந்த ஆண்டே அவர் பொறுப்பிலிருந்து விலகினார். பவுலும் கொரிந்துவை விட்டுப் போனவர்தான். நம்மூரில் நட்டவர் மரத்தடியிலேயே உட்கார்ந்திருந்து, பிறகு மகனை உட்கார வைக்கிறார்.

தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'சபை ஸ்தாபித்தல்' பழைய வழக்கு. பொருள் தவறில்லை, ஆனால் பவுலின் செடி அதில் காணாமல் போகிறது. 'நிறுவுதல்' கம்பெனிக்கும் கல்லூரிக்கும் பொருந்தும். 'தொடங்குதல்' எளிமையானது, பேச்சுக்கு நல்லது. வளர்த்துவிடும் பொறுப்பு அதில் இல்லை. மிஞ்சுவது 'நடுதல்', 'நாட்டுதல்' இரண்டும். நாற்றை நடுகிறோம், பந்தக்காலையும் கொடியையும் நாட்டுகிறோம். நாட்டுதலில் ஊன்றி நிலைக்கச் செய்தல் என்ற பொருளும் சேர்ந்திருக்கிறது. செடிக்கும் அது செல்லும் என்பதற்கு 92ஆம் சங்கீதமே சாட்சி: 'கர்த்தருடைய ஆலயத்திலே நாட்டப்பட்டவர்கள்' செழிப்பார்கள் என்கிறது. எனவே 'சபை நாட்டுதல்' என்பதையே பரிந்துரைக்கிறேன். செய்கிறவரைச் சபை நாட்டுநர் எனலாம்.

இங்கிலாந்தில் ஓய்ந்துபோன ஆலயத்துக்குப் புதிய குழுவை அனுப்பி உயிர்ப்பிப்பதை வேறு பெயரால் அழைக்கிறார்கள். பிரைட்டனின் புனித பேதுரு ஆலயம் 2009இல் லண்டன் குழு ஒன்று வந்து அப்படி மீண்டது. அதற்குத் தோட்டக்காரர் சொல்லே இருக்கிறது: ஒட்டுக்கட்டுதல். தலைமைச் சபை பணமும் போதகரும் அனுப்பி அதிகாரத்தைத் தானே வைத்துக்கொண்டால் அது கிளைச்சபை. பக்கத்துச் சபையின் குடும்பங்களை அழைத்துக்கொண்டு அடுத்த தெருவில் புதிய பலகை மாட்டுவது இடமாற்றம் மட்டுமே. பிறர் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்ட மாட்டேன் என்று ரோமருக்கு எழுதிய பவுல் அதைச் சபை நாட்டுதல் என்று ஒப்பியிருக்க மாட்டார். வெளியூர் வழிபாட்டு முறையை அப்படியே இறக்கிவைப்பதும் உண்டு. யாழ்ப்பாணத்து இறையியலாளர் டி. டி. நைல்ஸ், மிஷனெரிகள் விதையோடு தொட்டியையும் கொண்டுவந்துவிட்டார்கள், நாம் தொட்டியை உடைக்க வேண்டும் என்று சொன்னதாக மேற்கோள் காட்டுவார்கள். அந்த வகைக்குத் தொட்டிச்சபை என்றே பெயர் வைத்துவிடலாம்.